பதாகையைச் சுருட்டிவிட்டு மூடியைத் திறங்கள்

சென்னைப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்,

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 வந்தால் உங்கள் வளாகங்களில் என்ன நடக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். காலையில் உறுதிமொழி, பிறகு ஓவியப் போட்டி, வெயில் ஏறுவதற்குள் தெருமுனை வரை ஒரு பேரணி. பூமிப்பந்தின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுகிற படத்துக்கு முதல் பரிசு. பேரணி கிளம்புகிற வாசலுக்குப் பத்தடி தள்ளி, மழைநீர்க் குழியின் சிமென்ட் மூடி ஒன்று இருக்கும். அல்லது இருந்தது, கோடை விடுமுறையில் மைதானத்தோடு சேர்த்து அதன் மேலும் பேவர் பிளாக் பதித்தாகிவிட்டது.

அந்த பேவர் பிளாக்தான் இந்த மடலை எழுத வைத்தது. நாங்கள் உறைகிணறு இறக்குகிறவர்கள், பிளம்பர்கள், தண்ணீர்ப் பரிசோதனை செய்கிறவர்கள். வேலை நிமித்தம் பள்ளிகளுக்குள் வந்துபோகிறோம். எந்தப் பள்ளியின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. படிக்கும்போது உங்கள் பள்ளி மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், உங்கள் பள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புகார் இதுதான். தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளிடம் நிறையப் பேசுகிறீர்கள், தண்ணீரைக் காட்டுவதில்லை. பத்து வருஷம் ஒரே வளாகத்தில் படித்த மாணவிக்கு, அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சம்ப் என்கிற தரையடித் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, மொட்டை மாடியில் விழும் மழை எந்தக் குழாய் வழியாக எங்கே போகிறது என்று தெரியாது. ஆசிரியரிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. மோட்டார் போடுகிற காவலாளிக்குத் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

'தண்ணீரைச் சேமிப்போம்' என்று யாரிடம் சொல்கிறோம் என்பதையும் ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்த ஊரில் பல பிள்ளைகள் காலையில் அடிபம்பிலோ தண்ணி லாரிக்கு முன்னாலோ நின்றுவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கு சுமார் 15 லிட்டர். அதை இடுப்பில் வைத்து இரண்டு மாடி ஏறியவளுக்குத் தண்ணீரின் அருமையைச் சுவரொட்டி சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பள்ளிக்குள் நுழையும்போது மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது. சுவர் முழுக்கப் பாசி. பத்து மணிக்குக் கழிப்பறைக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அதனால் மாலை வரை தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறாள். இதற்கு நடுவில் அவளிடம் உறுதிமொழி வாங்குவது கொஞ்சம் அநியாயம்.

இனி குழிக்கு வருவோம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-ல். பழைய வளாகங்களில் இன்று கண்ணில் படும் குழிகள் பெரும்பாலும் அப்போது அவசர அவசரமாகப் போட்டவை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருமுறைகூடத் திறக்காத குழிகளும் உண்டு.

கணக்குப் பாடத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். இந்த ஒரு வரி போதும். மொட்டை மாடி 6,000 சதுர அடி என்றால் சுமார் 557 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. தெறிப்பது, ஆவியாவது, தளம் உறிஞ்சுவது எல்லாம் போக 80 சதவீதம் கைக்கு வரும் என்று வையுங்கள். ஆண்டுக்கு 6 லட்சத்து 20 ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. 9,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய 69 லாரி. காசு கொடுத்து லாரி வாங்கும் பள்ளி இந்தக் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு இத்தோடு முடிந்தால் அது இன்னொரு சுவரொட்டி. அடுத்த வரிதான் முக்கியம். சென்னை மழை மாதா மாதம் தவணை கட்டுகிற மாதிரி வராது; ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். ஒரே நாளில் 60 மி.மீ. பெய்தால் அதே மாடியிலிருந்து 26,700 லிட்டர் இறங்கும். உங்கள் வளாகத்தில் இருக்கும் குழி 1 மீட்டருக்கு 1 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெறும் குழியாக இருந்தால் 1,500 லிட்டர். ஆனால் ஜல்லி நிரப்பியிருக்கிறீர்கள்; கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடம் மொத்தத்தில் 40 சதவீதம் அளவுதான். ஆக, ஒரு நேரத்தில் கொள்வது 600 லிட்டர். மீதி எங்கே போகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே கேட்டுவிடும். வாசல் வழியாகச் சாலைக்கு, சாலையிலிருந்து வடிகாலுக்கு. 2015 டிசம்பரில் இந்த ஊர் மூழ்கியது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இரண்டுக்கும் நடுவில் முழுசாக நான்கு வருஷம்கூட இல்லை. இரண்டையும் சேர்த்துப் புரியவைக்க இந்த 600 லிட்டர் கணக்கைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரிந்து இல்லை.

குழி கொள்வது 600 லிட்டர் என்றாலும் உறிஞ்சுவது மண்ணைப் பொறுத்தது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்கரை மணல். ஊற்ற ஊற்றக் குடிக்கும். களிமண் பூமியில் ஒரு குழி நிரம்பினால் இரண்டு நாள் அப்படியே நிற்கும்; அங்கே மேலாப்பில் குழி போட்டுப் பயனில்லை. களியைத் தாண்டி மணல் தட்டும் வரை உறைகிணறு இறக்க வேண்டும், அல்லது குழிக்குள்ளேயே துளை போட்டு ஓட்டைக் குழாய் இறக்க வேண்டும். உங்கள் மண் எது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. அரையடி மேல்மண்ணை நீக்கிவிட்டு, கீழே இருக்கும் மண்ணை ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். தண்ணீர் நிரப்பி நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் படிந்துவிடும். வண்டல் படிய இரண்டு மணி நேரம் ஆகும். களி மறுநாள் வரை கலங்கலாகவே நிற்கும். மூன்று அடுக்கையும் ஸ்கேல் வைத்து அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். ஆறாம் வகுப்புக்கு ஏற்ற வேலை.

குழி அடைத்துப்போவதற்கு நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணங்கள் உண்டு. அடியில் 40 மி.மீ. ஜல்லி, அதன் மேல் 20 மி.மீ. ஜல்லி, அதன் மேல் நைலான் வலை, வலைக்கு மேல் கழுவிய பருமணல்: இதுதான் வரிசை. வலையைப் போடாமல் விட்டால் முதல் மழையிலேயே மணல் ஜல்லிக்குள் இறங்கிவிடும். 40 சதவீத இடமும் போச்சு. பருமணலுக்குப் பதில் கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்டை, அதாவது கல்லை உடைத்துச் செய்த மணலைக் கொட்டினால் அதிலிருக்கும் மாவு சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மாடித் தண்ணீர் சுத்தமாக வரும். மைதானத்துத் தண்ணீர் சேற்றோடு வரும். மைதானத்துத் தண்ணீரைக் குழிக்குள் விடுவதானால் அதற்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி வண்டல் தொட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். அதை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அள்ள வேண்டும். மாடியில் குழாய் வாயில் ஜாலி (கம்பித் தடுப்பு) இல்லாவிட்டால் அரசிலை, புறா இறகு, கிரிக்கெட் பந்து எல்லாம் குழாய் வளையும் முழங்கையில் போய் நிற்கும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. கை கழுவும் தொட்டியின் கழிவுக் குழாயை, பக்கத்தில் இருக்கிறதே என்று, மழைநீர்க் குழியில் சேர்த்துவிடுவார்கள். சோற்றுப் பருக்கையும் சோப்பும் நேரே நிலத்தடிக்கு. அதே வளாகத்தின் போர் என்கிற ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

குழி வேலை செய்கிறதா என்று பார்க்க மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஓஸ் குழாயால் விளிம்பு வரை நிரப்புங்கள். ஒரு மாணவர் கைக்கடிகாரத்தோடு, இன்னொருவர் அளவுக் குச்சியோடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். அன்றைக்குள் வற்றிவிட்டால் நல்ல குழி. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் மேல் மணலில் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்து, கழுவியோ மாற்றியோ போட வேண்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால் முழுக்க அள்ளி ஜல்லியைக் கழுவ வேண்டியதுதான். அப்போது பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கட்டும். இருபது வருஷச் சேறு எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்தவர்கள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

பார்க்கட்டும் என்றுதான் சொல்கிறோம், இறங்கட்டும் என்று சொல்லவில்லை. குழி, சம்ப், கிணறு, கழிவுநீர்த் தொட்டி எதற்குள்ளும் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது. மூடியைப் பெரியவர்கள்தான் திறக்க வேண்டும். மூடிய சம்ப்புக்குள் காற்று இருக்கும் என்று நம்பி இறங்கி இறந்தவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. கழிப்பறை கழுவ வைத்துவிட்டு அதற்குச் 'சுற்றுச்சூழல் மன்றச் செயல்பாடு' என்று பெயர் எழுதுவதும் வேண்டாம்.

வளாகத்துக்குள் தண்ணீர் வீணாவதைக் கண்டுபிடிப்பது குழியைவிடச் சுலபம், பிள்ளைகளுக்குத் துப்பறிவது மாதிரி ஒரு ருசியும் உண்டு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர் பொருத்துங்கள். கறுப்பு எண்கள் ஆயிரம் லிட்டர் கணக்கு, சிவப்பு அதற்குக் கீழே. மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் போனபின் மீட்டரைப் படித்து எழுதுங்கள். மறுநாள் காலை, முதல் ஆள் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி படியுங்கள். யாருமே இல்லாத பள்ளியில் மீட்டர் ஓடியிருந்தால் அது கசிவு. ஒரே இரவில் சில நூறு லிட்டர் ஓடியிருப்பதைப் பார்க்கும் பிள்ளை, யாரும் சொல்லாமலே வகுப்பு வகுப்பாகத் தேடப் போய்விடும்.

தேடும்போது முதலில் போக வேண்டிய இடம் பிளஷ் டேங்க். பத்து லிட்டர் டேங்க்கில் கொஞ்சம் பீட்ரூட் சாற்றை ஊற்றி, கால் மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே கோப்பையில் சிவப்பு இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. சென்னையின் உப்புத் தண்ணீரில் அந்த வாஷர் சீக்கிரமே கட்டிதட்டிவிடும். ஒலியே இல்லாமல் நாள் முழுக்க ஒழுகும், அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. சொட்டுகிற குழாய்க்கு ஒரு டம்ளர் போதும். பத்து நிமிடம் பிடியுங்கள், மில்லி லிட்டரில் அளந்து 144-ஆல் பெருக்குங்கள். 100 மி.லி. சேர்ந்தால் நாளொன்றுக்கு 14.4 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு குடம். இணையத்தில் சுற்றும் 'ஒரு சொட்டுக் குழாய் ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் லிட்டர்' என்ற எண்ணை ஒப்பிக்க வைப்பதைவிட, தன் பள்ளிக் குழாயின் எண்ணைத் தானே கண்டுபிடிப்பது ஆயிரம் மடங்கு மேல்.

லாரித் தண்ணீரையும் அளக்கலாம். சம்ப்பின் உள்ளளவு 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 60 லிட்டர். 9,000 லிட்டர் லாரி ஊற்றினால் மட்டம் 150 செ.மீ. ஏற வேண்டும். லாரி வருவதற்கு முன் ஒருமுறை, போனபின் ஒருமுறை குச்சி விடுங்கள். நடுவில் மோட்டார் போடாதீர்கள். 120 செ.மீ.தான் ஏறியிருக்கிறது என்றால் 1,800 லிட்டருக்கு உங்கள் பள்ளி சும்மா காசு கொடுத்திருக்கிறது. கன அளவு பாடத்துக்கு இதைவிட நேரான உதாரணம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

கிணறு. திறந்த கிணறு இருக்கும் வளாகங்கள் பாக்கியம் செய்தவை. கைப்பிடிச் சுவரில் ஒரு புள்ளியைப் பெயின்டால் குறியுங்கள்; அளப்பது எப்போதும் அங்கிருந்துதான். நுனியில் எடை கட்டிய டேப்பின் கடைசி இரண்டு மீட்டருக்குச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து இறக்குங்கள். எடை தண்ணீருக்குள் போனதும், மேலே புள்ளியில் டேப் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே எடுங்கள். சுண்ணம் எதுவரை நனைந்திருக்கிறதோ அந்த அளவைக் கழித்தால் நீர்மட்டம் எத்தனை ஆழத்தில் என்று துல்லியமாகத் தெரியும். மாதம் ஒருமுறை, காலையில், மோட்டார் போடுவதற்கு முன். மோட்டார் ஓடியபின் அளந்தால் அது கிணற்றின் மட்டம் ஆகாது, மோட்டார் இழுத்த பள்ளத்தின் மட்டம். போர் மட்டும் இருக்கும் பள்ளிகளில் டேப்பை நேரே விடாதீர்கள். மோட்டார் கேபிளில் சிக்கிக்கொள்ளும். அடுத்த முறை மோட்டாரை வெளியே எடுக்கும்போது கூடவே முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை இறக்கிவைக்கச் சொல்லுங்கள், அதற்குள் அளக்கலாம்.

மட்டத்தோடு மழையையும் அளந்தால்தான் வரைபடம் பேசும். நேர்ச்சுவர் கொண்ட இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் புனலாகிவிடும். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே கூழாங்கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அதைப் பூஜ்ஜியம் என்று குறியுங்கள். இதைச் செய்யாமல் அடியிலிருந்து அளப்பதால்தான் பல பள்ளிகளின் எண்கள் தப்பாக வருகின்றன. மரத்தடியில் வைக்கக் கூடாது. பக்கத்துச் சுவர் பத்தடி உயரம் என்றால் இருபதடி தள்ளி வையுங்கள். வானிலை ஆய்வு மையம் அளப்பது காலை 8.30-க்கு, நீங்களும் அப்போதே அளந்தால் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் எண்களோடு ஒப்பிடலாம். ஒரே நாளில் ஒரே ஊரில் எவ்வளவு வித்தியாசம் என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள்.

தரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் பள்ளிகளே ஏமாறுகின்றன. பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பைக் கணிக்கும், அதுவும் மின்சாரம் கடத்தும் அளவை வைத்து ஒரு மதிப்பீடாக. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 80 காட்டும் தண்ணீர் 300 காட்டும் தண்ணீரைவிட நல்லது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. 80 காட்டும் தண்ணீரில் மலக்கிருமி இருக்கலாம். கிருமிக்கு வேறு சோதனை. குழாய்முனையில் மீந்திருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பார்ப்பது அதில் முதல் படி.

சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருகிறவர் இரண்டு கம்பி கொண்ட ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். உங்கள் போர் தண்ணீர் பழுப்பாகக் கலங்கும். அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருக்கும். எல்லாரும் பதறிப்போவார்கள். உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் சொல்லி அதே சோதனையை வகுப்பில் செய்யுங்கள். அவர்கள் தெளிவானது என்று காட்டிய தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கம்பியை விடுங்கள். அதுவும் பழுப்பாகும். அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வரவில்லை, கரைகிற இரும்புக் கம்பியிலிருந்து வருகிறது. உப்பு மின்சாரம் கடத்த உதவுகிறது, அவ்வளவுதான். மின்னாற்பகுப்புப் பாடமும் ஆயிற்று, ஒரு ஏமாற்றும் உடைந்தது. ஆர்.ஓ. இயந்திரம் ஏற்கெனவே இருந்தால் நல்ல தண்ணீர்க் குழாயையும் வெளியேறும் குழாயையும் ஒரு நிமிடம் தனித்தனி வாளியில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். வீட்டு இயந்திரங்களில் ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் வெளியே போவது சாதாரணம். அந்தத் தண்ணீர் தரை துடைக்கவும் பிளஷ்ஷுக்கும் ஆகும். உப்பு கூடுதல் என்பதால் செடிக்கு வேண்டாம்.

மேல்நிலைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் கொசுவலை போட்ட மூடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சென்னையில் மலேரியா பரப்பும் கொசு முட்டையிடுவது சாக்கடையில் இல்லை, இந்த இரண்டிலும்தான்.

வளாகத்துக்கு வெளியே போக நினைத்தால் பேரணியைவிட நல்ல வழி இருக்கிறது. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், திருவல்லிக்கேணி, ரெட்டேரி: ஊர்ப்பெயரிலேயே நீர் இருக்கிறது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். எஞ்சியிருக்கும் ஏதாவது ஓர் ஏரிக்குக் கூட்டிப்போய் வரத்து வாய்க்கால் எது, மதகு எது, கலங்கல் எது என்று காட்டுங்கள். கலங்கல் என்றால் ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் இடம் என்று தெரிந்த பிள்ளை, அதன் வழியில் கட்டடம் எழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தானே சொல்லிவிடும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நகருக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகளில் எத்தனை அதைப் போய்ப் பார்த்தன?

பத்திரிகையில் தினம் வரும் ஏரி நிலவரத்தையும் விடாதீர்கள். முழுக் கொள்ளளவு இதுதான்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, தேர்வாய் கண்டிகை 500. மொத்தம் 11,757 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்றால் சுமார் 2.83 கோடி லிட்டர். நகருக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் தேவை என்று வைத்தால், ஐந்தும் முட்ட நிரம்பியிருந்தாலும் எத்தனை நாள் வரும்? ஒரு துளி ஆவியாகாமல் இருந்தால் 330 நாளுக்குக் கொஞ்சம் மேல். கோடையில் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று கொண்டால் ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பிலிருந்து மட்டும் 50 லட்சம் லிட்டர் வானத்துக்குப் போகும். அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் என்ன என்பதைப் பிள்ளைகள் அங்கிருந்து தாங்களே தொடர்வார்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் முடிவதற்குள், வளாகத்தில் இருக்கும் எல்லா மழைநீர்க் குழிகளையும் திறந்து, நிரப்பிச் சோதித்து, அடைத்திருப்பதைச் சுத்தம் செய்யுங்கள். பேவர் பிளாக்குக்கு அடியில் போனவற்றின் மேல் இருக்கும் கற்களை எடுத்துவிடுங்கள்; அது சுலபம், கற்கள் ஒட்டப்பட்டவை அல்ல, மணலில் அடுக்கப்பட்டவைதான். இனி தளம் போடும் எந்த ஒப்பந்தமும், குழிகள் எங்கே என்று குறித்த வரைபடம் இல்லாமல் கையெழுத்தாக வேண்டாம்.

கழிப்பறைக் குழாயில் முதல் மணி முதல் கடைசி மணி வரை தண்ணீர் வர வேண்டும். கசிவை அடைத்து மிச்சமாகும் தண்ணீர் முதலில் அங்கேதான் போக வேண்டும். இது முடியும் வரை பிள்ளைகளிடம் சிக்கனம் பேசாதீர்கள்.

இரண்டு தண்ணீர் மீட்டர்கள் வாங்குங்கள்: தண்ணீர் உள்ளே வருமிடத்தில் ஒன்று, மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்குமிடத்தில் ஒன்று. எட்டாம் வகுப்பிடம் ஒரு தடித்த நோட்டைக் கொடுங்கள். மழை, கிணற்று மட்டம், மீட்டர், லாரி, கசிவு எல்லாம் அதில் ஏற வேண்டும். ஆண்டு முடிவில் அதை ஏழாம் வகுப்பிலிருந்து வருகிறவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் இல்லாத எதையும் பெற்றோர் மதிப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். மோட்டார் போடும் ஊழியரை வருஷத்தில் இரண்டு முறையாவது வகுப்புக்குள் அழைத்து, நாற்காலி கொடுத்து, அவருக்குத் தெரிந்ததைச் சொல்ல வையுங்கள். வரும் மார்ச் 22 அன்று பேரணிக்குப் பதில் அந்த நோட்டைப் பெற்றோர் முன் மாணவர்கள் படிக்கட்டும்: எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு காணாமல் போனது.

குழி எங்கே என்றே தெரியவில்லை என்று சில பள்ளிகள் சொல்லும். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயாகப் பிடித்துக்கொண்டு கீழே வாருங்கள். தரைக்குள் மறையும் இடத்தில் ஒரு மாணவரை நிறுத்துங்கள். மேலே இன்னொருவர் இரண்டு வாளி தண்ணீரைக் குழாய் வாயில் ஊற்றட்டும். தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தால் குழிக்கு மேல் சத்தம் மாறும், உள்ளே தண்ணீர் விழுவதும் கேட்கும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, கடப்பாரையோடு பெரியவர்கள் யாரையாவது கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வளாகங்களில் தண்ணீர் வேலை பார்ப்பவர்கள்
சென்னை